ஹேங்கர்: பாகூர் கொட்டாயும் பிரெஞ்சு அங்காரும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் அக்கா வீட்டு மொட்டை மாடி. விமானப்படைத் தேர்வுக்குப் படிக்கிற அக்கா மகன், ஈரச் சட்டையைக் கொடியில் மாட்டிக்கொண்டே கேட்டான்: “மாமா, ஹேங்கர்னா தமிழ்ல என்ன?” அவன் கையில் இருந்ததைக் காட்டி “இதுவா?” என்றேன். “இது இல்ல மாமா, பிளேன் நிக்கிறது.”

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ஹேங்கர்தான். ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாறும், அதையும் பலர் தப்பாகவே எழுதுகிறார்கள். சட்டை மாட்டுகிற ஹேங்கர், தொங்கவிடுவது என்கிற வினையில் பிறந்தது. விமான ஹேங்கருக்கும் அந்த வினைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல்.

பிரெஞ்சில் அது ‘அங்கார்’. எழுத்தில் முன்னால் ஓர் எச் நிற்கும், வாயில் வராது. ஆனால் ஊமையாக இருந்தாலும் அதற்கு வீம்பு உண்டு. மனிதனைக் குறிக்கும் ‘ஒம்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘லெ’ வந்தால் இரண்டும் ஒட்டி ‘லொம்’ ஆகிவிடும். அங்கார் அப்படி ஒட்டாது. ‘லெ அங்கார்’ என்று தள்ளியே நிற்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த யாரைக் கேட்டாலும் இதில் மதிப்பெண் போன கதையைச் சொல்வார்கள். இப்படி ஒட்ட மறுக்கும் எச் பெரும்பாலும் ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்த சொற்களில்தான் இருக்கும். பழைய பிராங்கு என்ற ஜெர்மானிய மொழியில் ‘ஹைம்கார்ட்’ என்றொரு சொல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லாய்வாளர்கள் ஊகிப்பதற்கு இது இடம் தருகிறது. ஹைம் என்றால் வீடு, கார்ட் என்றால் வேலி சூழ்ந்த இடம். ஆங்கிலத்தின் ஹோமும் யார்டும் இவற்றுக்குப் பங்காளிகள். குதிரைக்கு லாடம் கட்டும் கொட்டகையைக் குறித்த ‘அங்காரியும்’ என்ற இடைக்கால லத்தீன் சொல்தான் மூலம் என்பாரும் உண்டு. எனக்கு அந்த ஊமை எச்சின் சாட்சி போதும்.

விமானம் என்ற ஒன்று வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சு விவசாயி தன் வண்டியையும் கலப்பையையும் அங்காரில்தான் விட்டுவைத்தான். தூண்கள், மேலே கூரை, பக்கம் திறப்பு. பாகூர் பக்கம் எங்கள் கழனியோரம் இருந்த வண்டிக் கொட்டாயும் அதேதான்: நாலு பனங்கால், கீற்றுக் கூரை, உள்ளே நுகத்தடி தரையில் ஊன்றிய கட்டை வண்டி, மூலையில் சணல் சாக்கு. கடலூர், புதுச்சேரிப் பேச்சில் கொட்டாய், எழுத்தில் கொட்டகை.

அதனால் என் தீர்ப்பு: விமானக் கொட்டகை. ‘காப்பகம்’ என்று எழுதுகிறார்கள், படித்தால் அனாதை விமானங்களை வளர்க்கிற இடம் போல இருக்கிறது. ‘கொட்டில்’ நல்ல சொல்தான், ஆனால் மாடு கட்டிய வாசம் போகவில்லை. ‘கூடாரம்’ துணிக்குரியது, போர்க்களத்தில் துணியால் எழுப்பும் ஹேங்கருக்கு அதை விட்டுவைக்கலாம்.

சொல் சரியாக இருந்தால் செய்தியும் சரியாகப் புரியும். பிரிட்டன் தன் ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களை 2011-இல் லைனம் விமானப்படைத் தளத்திலிருந்து பிரைஸ் நார்ட்டனுக்கு மாற்றி, பெரிய போக்குவரத்து விமானங்களை ஒரே தளத்தில் சேர்த்தது. 2012-இல் லைனம் தளம் மூடப்பட்டது. இத்தனை விமானத்தை ஒரு தளம் தாங்குமா என்று கணக்குப் போடும்போது, கொட்டகையில் எத்தனை அடங்கும் என்று எண்ணினால் தப்பாகிவிடும். விமானம் இரவைக் கழிப்பது திறந்தவெளியில், ஏப்ரன் எனப்படும் கான்கிரீட் தளத்தில். கொட்டகை பழுதுபார்க்கவும் சோதனைக்கும். இருபது விமானத்தில் எந்நேரமும் நாலு சோதனையில் இருக்கும் என்று வையுங்கள், நாலுக்கு இடம் இருந்தால் போதும்.

அந்த நாலு இடத்தைக் கொடுப்பதுதான் பெரும்பாடு. லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு வந்துபோகும் ஏடிஆர்-72 பயணிகள் விமானத்துக்கு இறக்கை முனைக்கு முனை 27 மீட்டர். சி-130ஜே ஹெர்குலிசுக்கு 40 மீட்டர். நம் விமானப்படை டெல்லியை ஒட்டிய ஹிண்டன் தளத்தில் வைத்திருக்கும் சி-17 சரக்கு விமானத்துக்கு ஏறத்தாழ 52 மீட்டர். அதன் வால் உயரம் 17 மீட்டருக்குச் சற்றே குறைவு. இறக்கை நுழைகிற கொட்டகையிலும் வால் கூரையில் இடிக்கலாம். சில இடங்களில் கதவில் வாலுக்கென்று ஒரு பிளவு விட்டு, வாலை வெளியே நீட்டிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். வைக்கோல் வண்டி கொட்டாய்க்குள் நுழையாமல் பின்பாதி மழையில் நனைந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

கொட்டகை என்ற சொல் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. போர் விமானங்களை ஒவ்வொன்றாக நிறுத்த, அருகில் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி தடித்த கான்கிரீட்டில் வளைத்துக் கட்டுவார்கள். அதைக் கொட்டகை என்றால் கட்டியவர் கோபித்துக்கொள்வார். ‘காப்பறை’ என்று அக்கா மகனுக்கு எழுதிக் கொடுத்தேன். “ஹெர்குலிஸ் இதுக்குள்ள போகுமா?” என்றான். போகாது. அது வெளியில்தான் நிற்கும்.