அம்மம்மாவின் காதுச்சோணை எங்கே போனது?

போன மாதம் ஒரு தம்பி ஸ்டூடியோவுக்கு வந்தார். அம்மம்மா காலமாகி மூன்று கிழமை. 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவு மலர்) அடிக்க வேண்டும், தனிப்படம் ஒன்றுகூட இல்லை. இருந்தது நிலாவெளியில் ஒரு சாமத்திய வீட்டில் எடுத்த குடும்பப் படம். வெள்ளைச் சேலை, நரைத்த கொண்டை, பின்னால் வெளிறிய சுவர். போனில் ஏதோ ஒரு ஆப்பில் ஒரே தட்டில் பின்னணியை எடுத்துவிட்டுக் கொண்டு வந்திருந்தார்.

"அண்ணா, முகம் சரிதான். ஆனா அம்மம்மா மாதிரி இல்லை."

பெரிதாக்கிப் பார்த்தேன். தோடு போட்டுப் போட்டு இறங்கிய இடது காதுச்சோணை சுவரோடு போய்விட்டது. நெற்றியோரம் பறக்கும் நரைமயிரும் இல்லை. ஒருவரை நாம் அடையாளம் காண்பது இந்த ஓரங்களில்தான். திருகோணமலையில் இத்தனை வருடமாகப் படம் வெட்டி ஒட்டுகிறேன், வீட்டுக்காரர் குறை சொல்லும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மென்பொருளுக்குக் காது எது, சுவர் எது என்று தெரியாது. போட்டோஷொப்பில் தொட்ட இடத்தை ஒத்த பகுதியைப் பிடிக்கும் மேஜிக் வொண்ட் கருவி நிறத்தை மட்டும்தான் ஒப்பிடும். எவ்வளவு நிற வித்தியாசம் வரை சேர்த்துப் பிடிக்கலாம் என்பதுதான் டொலரன்ஸ், அது 0 முதல் 255 வரை. நாம் தொடாவிட்டால் 32இல் நிற்கும். வெள்ளைச் சுவருக்கும் நரைமயிருக்கும் வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே பிடிக்கும். படத்தில் உள்ள ஆளைத் தானாகத் தெரிவுசெய்யும் செலக்ட் சப்ஜெக்ட் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஊகிக்கும், நானும் தினமும் அதில்தான் தொடங்குகிறேன். ஆனால் அதோடு முடிப்பதில்லை.

முதலில் மூலப்படத்தைக் கேட்டேன். தம்பியிடம் இருந்தது வட்ஸ்அப்பில் வந்தது, நீளப்பக்கம் 1600 பிக்சல். பெரியம்மாவின் போனில் மூலம் இருந்தது, 4000 பிக்சல். அதைச் சுருங்காமல் வர டொக்கியுமென்டாக அனுப்பச் சொன்னேன். தயவுசெய்து நீங்களும் இப்படியே அனுப்புங்கள். சுருங்கிய படத்தில் முடியின் நுனியே இருக்காது. இல்லாததை எந்தக் கருவியாலும் வெட்டி எடுக்க முடியாது.

அப்புறம் படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சனல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சுவரில் லேசான மஞ்சள் சாயல் இருந்ததால் நீலச் சனலில் அது கறுத்து, நரைமயிர் வெளிச்சமாக நின்றது. அந்தச் சனலைப் பிரதி எடுத்து, லெவல்ஸில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, முடிக்கான செலக்ஷனை (தெரிவுசெய்த பகுதியை) அதிலிருந்தே எடுத்தேன். சேலைத் தோளுக்கு, ஓரத்தில் கோடு வரையும் பென் டூல். காதுக்கு, சுற்றி வரைந்து பிடிக்கும் லாஸோ, 200 சதவீதம் பெரிதாக்கி, கையால். ஓரத்தை மென்மையாக்கும் பெதர் 1 பிக்சல். முழு உருவத்துக்கும் ஒரே பெதர் கொடுத்தால் தோள் பஞ்சுபோல ஆகிவிடும், முடியோ கத்தரித்ததுபோலவே நிற்கும். விட்டுப்போன இடத்தை ஷிப்ட் அழுத்திச் சேர்க்கலாம், கூடிப்போனதை ஓல்ட் அழுத்திக் கழிக்கலாம்.

புதிதாகப் பழகும் பிள்ளைகளிடம் மன்றாடிக் கேட்கும் ஒன்று உண்டு: செலக்ஷன் போட்டதும் டிலீட்டை அழுத்தாதீர்கள். படத்தை அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க் போடுங்கள். கறுப்புத் தூரிகை மறைக்கும், வெள்ளைத் தூரிகை திருப்பித் தரும். தவறாக மறைத்த காது மாஸ்க்கில் திரும்பி வரும். டிலீட் பண்ணிச் சேமித்துவிட்டால் வராது. கோப்பைப் போட்டோஷொப்பின் சொந்த வடிவமான பி.எஸ்.டி ஆகச் சேமியுங்கள், ஜேபெக்கில் மாஸ்க் நிற்காது.

முடிந்ததும் அடியில் கடும் சிவப்பு லேயர் ஒன்றை வைத்துப் பார்ப்பேன். பழைய சுவரின் வெளிறிய கோடு ஓரத்தில் ஒட்டியிருந்தால் உடனே தெரியும். அம்மம்மாவின் கழுத்தோரம் அப்படி ஒரு கோடு இருந்தது, அதையும் துடைத்தேன்.

அச்சடித்ததை நீட்டியபோது தம்பி முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தார். "தோடு இருக்கு" என்றார்.

பி.எஸ்.டி கோப்பை வைத்திருக்கிறேன். ஆண்டுத்திவசப் படத்தில் பின்னணியாகக் கோணேசர் கோயில் கோபுரம் வர வேண்டுமென்று பெரியம்மா இப்போதே சொல்லிவிட்டார்.