ரோட்டரி எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையா? எஞ்சின் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன்

கராஜிலிருந்து காரை வெளியே எடுக்கிறார்கள். தெருவோரம் நிறுத்தி அரை நிமிடத்தில் அணைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கு நேரும் சிக்கல்களில் மிகவும் பழகியது இது. வலிக்கும் விஷயம் என்னவென்றால், இப்படி நின்ற எஞ்சினைக் 'கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் திறன்) போய்விட்டது' என்று சொல்லிக் கழற்றிவிடுவதும் நடக்கிறது. உண்மையில் பல நேரம் அது பெட்ரோலில் நனைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

2003 முதல் 2012 வரை தயாரான ஆர்எக்ஸ்-8இல் இருப்பது ரெனிசிஸ் என்ற ரோட்டரி எஞ்சின். 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 1308 சிசி. பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்தான் காற்றை அடைத்து அழுத்துகிறது. அந்தச் சீலுக்கும் ஹவுசிங் (ரோட்டர் சுழலும் கூடு) சுவருக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாக வேண்டும். அதற்காகவே தனி பம்ப் ஒன்று எஞ்சின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுகிறது.

குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தாராளமாகத் தெளிக்கும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் எரியாத பெட்ரோல் குளிர்ந்த சுவரில் படிந்து நிற்கும். எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அடுத்த முறை செல்ஃப் அடிக்கும்போது சீல் அடைக்காது, கம்ப்ரஷன் ஏறாது, பிளக்கும் ஈரம். விடாமல் செல்ஃப் அடிக்க அடிக்க இன்னும் பெட்ரோல்தான் உள்ளே போகும்.

அதனால் முதலில் காதைக் கொடுங்கள். நல்ல எஞ்சினைச் செல்ஃப் சுற்றும்போது 'தும் தும் தும்' என்று ஒரே சீரான துடிப்பு கேட்கும். பெட்ரோலில் நனைந்த எஞ்சினில் அந்தத் துடிப்பு மறைந்து, 'விர்ர்' என்று எதிர்ப்பே இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். துடிப்பு விட்டுவிட்டு நொண்டினால் ஏதோ ஒரு சீலின் மேல் சந்தேகம் வர வேண்டும். துடிப்பு சீராக இருந்தும் சுற்றுவது மந்தமென்றால் பேட்டரி, எர்த் கேபிள், செல்ஃப் மோட்டார் இவற்றைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதை வைத்துக்கொண்டு மேலே எதையும் சோதிக்காதீர்கள். ரோட்டரி எஞ்சினுக்குச் சுற்றும் வேகம்தான் உயிர்.

பிறகு ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் கை வைக்க இடம் கிடைக்கும். பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் வழி தெரிந்துவிட்டது. பலமுறை செல்ஃப் அடித்தும் காய்ந்திருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபியூஸ், எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) சென்சார் பக்கம் போக வேண்டும். டேஷ்போர்டில் சாவி எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ மின்னினாலோ இம்மொபிலைசரை (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பை) பார்த்த பிறகுதான் மற்றது. ஈரம் இருந்து இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். உள்ளே கூலன்ட் சீல் போயிருக்கிறது என்று பொருள். அந்த எஞ்சினைப் பிரிக்காமல் தீராது.

பெட்ரோல் அடைத்திருந்தால் முதலில் எளிய வழி. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அந்த நிலையில் கணினி இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும், காற்று மட்டும் போகும். ஒரு தடவைக்கு 10 வினாடி, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. மூன்று முறைக்குள் பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். செல்ஃப் மோட்டாரைக் கருக்குவதில் பயன் இல்லை.

அடுத்தது முழு வைத்தியம். காரைத் திறந்த வெளியில் வையுங்கள். கீழே காய்ந்த புல் இருக்கக் கூடாது. பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுங்கள், பிளக்குகளுக்குப் பொறி தரும் நான்கு காயில்களின் கனெக்டரையும் கழற்றுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் புகைபோலச் சீறி வரும்போது பக்கத்தில் ஒரு பொறி விழுந்தால் கார் எரிந்துவிடும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று அடையாளம் வையுங்கள். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். என்ஜிகே ஆர்ஈ7சி-எல் லீடிங்குக்கு, ஆர்ஈ9பி-டி டிரெய்லிங்குக்கு. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. பிளக் இல்லாமல் 10 வினாடி வீதம் சில முறை சுற்றினால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். அரை மணிநேரம் அப்படியே திறந்து விடுங்கள்.

இப்போது எண்ணெய். சிறு சிரிஞ்சில் குழாய் மாட்டி, லீடிங் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விடுங்கள். ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினால் ரோட்டர் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பும். அடுத்த முகம், அதாவது முக்கோணத்தின் அடுத்த பக்கம், ஓட்டைக்கு எதிரே வரும். இப்படி ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள். பலர் ஒரே முகத்தில் 15 மில்லியையும் ஊற்றிவிட்டு 'ஆயில் விட்டும் பலன் இல்லை' என்கிறார்கள். விட்ட பிறகு பிளக் போடாமலேயே இரண்டு வினாடி செல்ஃப் அடித்து மிகுதியை வெளியேற்றுங்கள்.

புது பிளக் போடுவது நல்லது. பெட்ரோலில் ஊறிய பிளக்கைத் துடைத்துப் போட்டால் சில சமயம் வேலை செய்யும், பல சமயம் ஏமாற்றும். ஃபியூஸையும் காயில் கனெக்டர்களையும் திரும்ப மாட்டி, முழு சார்ஜ் ஏறிய பேட்டரி அல்லது இன்னொரு காரின் துணையோடு ஸ்டார்ட் செய்யுங்கள். வெள்ளைப் புகை மண்டும், பயப்பட வேண்டாம். சூட்டு முள் நடுவுக்கு வரும்வரை அணைக்காதீர்கள். பிறகு டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் ஆயிலை அன்றே மாற்றிவிடுங்கள். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது வேண்டாம்; எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைக் காய்ச்சி உருக்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிக்கவில்லை, அல்லது காலையில் பிடிக்கிறது, பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பினால் சூட்டில் பிடிக்கவில்லை என்றால் அது வேறு நோய். குளிரில் கெட்டியாக இருக்கும் ஆயில் தேய்ந்த சீலுக்கு முட்டுக்கொடுக்கிறது. சூட்டில் இளகியதும் முட்டு விலகிவிடுகிறது. அப்போதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட், அதுவும் எஞ்சின் சூடாக இருக்கும்போது. பிஸ்டன் எஞ்சினுக்கான மீட்டர் மூன்று முகங்களில் உயர்ந்த ஒன்றை மட்டுமே காட்டி நல்லபடியாகப் பொய் சொல்லும். ரோட்டரிக்கென உள்ள மீட்டர் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று எண்கள் தரும். 250 ஆர்பிஎம்மில் 830 கிலோபாஸ்கல் என்பது இயல்பு, 680 குறைந்தபட்சம். ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்குள் 100க்கு மேலும் வித்தியாசம் கூடாது.

எண்களைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. ஓர் அபெக்ஸ் சீல் இரண்டு முகங்களுக்குப் பொதுவானது. ஆகவே மூன்றில் இரண்டு எண்கள் சேர்ந்து தாழ்ந்தால் இடையில் உள்ள அந்த ஒரு சீல்தான் குற்றவாளி. மூன்றும் சமமாகத் தாழ்ந்தால் ஹவுசிங் தேய்மானமோ, ரோட்டரின் பக்கவாட்டை அடைக்கும் பக்கச் சீலோ. அல்லது எண்ணெய்ப் படலமே கழுவப்பட்டிருக்கலாம். அதனால்தான் நனைந்த எஞ்சினைக் காயவைத்து எண்ணெய் விடாமல் எடுத்த அளவை நம்பவே கூடாது.

பழைய ஆர்எக்ஸ்-8 வாங்குகிறவர்கள், அறிக்கையில் எந்த ஆர்பிஎம்மில் அளந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வேகமான செல்ஃப் மாட்டி 300இல் அளந்தால் எண் தானாக ஏறும். கூடவே, விற்பவரை எஞ்சினை நன்றாகச் சூடேற்றச் சொல்லி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து உங்கள் கண்முன்னே மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.