ராணுவ விமானம் ஆற்றைத் தாண்டாது

‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை’ என்று மகனை அனுப்பிவிட்டு, அவன் மியான்மரில் சிக்கிக்கொண்டான் என்று ஈரோட்டுக்கு என்னைத் தேடி வரும் பெற்றோர் அனைவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “ஏனுங்க வக்கீலய்யா, மிலிட்டரி பிளேன் போய்க் கூட்டியாந்துருமுங்களா?” இம்மாதம் கேட்டது, தறிகளை விற்று ஏஜெண்டிடம் கொடுத்த ஒரு குடும்பம்.

2015இல் ஏமனிலிருந்தும் 2023இல் சூடானிலிருந்தும் நம் கடற்படைக் கப்பல்கள் மக்களை மீட்டுவந்ததைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பது இயல்பே. 2025 மார்ச்சில், வேலை என்று இழுத்துப்போய் இணைய மோசடி செய்யவைக்கும் கும்பல்களிடம் சிக்கிய 549 பேரை விமானப் படை அழைத்து வந்ததும் உண்மைதான். ஆனால் அவ்விமானங்கள் இறங்கிய மே சோட் என்னும் எல்லை நகரம் தாய்லாந்தில் இருக்கிறது; மோசடி முகாம்கள் இருப்பதோ மோய் ஆற்றுக்கு அக்கரையில், மியான்மரின் மியாவாடியில்.

படைபலம் இருந்தால் எந்த நாட்டுக்குள்ளும் போய்த் தூக்கி வந்துவிடலாம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். அயல்நாட்டு வானில் நம் ராணுவ விமானம் நுழைய அந்நாட்டு அரசின் அனுமதி வேண்டும். மியாவாடிப் பகுதியிலோ அரசைவிட கரேன் இன ஆயுதக் குழுக்களின் கைதான் ஓங்கியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து மின்சாரத்தையும் எரிபொருளையும் நிறுத்தி நெருக்கிய பின்னரே அக்குழுக்கள் ஆட்களைப் பெருமளவில் விடுவித்தன. அவர்களை இக்கரையில் தாய்லாந்து ராணுவம் பொறுப்பேற்று, ஏமாந்தவர் யார், கும்பலின் ஆள் யார் என்று விசாரணை நடந்து, நம் தூதரகம் குடியுரிமையைச் சரிபார்த்த பிறகே விமானம் வரும். அவ்வாண்டு அக்டோபரில் தாமாகவே ஆற்றைக் கடந்து தப்பியவர்களையும், அனுமதியின்றி நுழைந்ததாகத் தாய்லாந்து தடுத்துவைத்தது. நவம்பரில்தான் அவர்கள் விமானம் ஏறினார்கள்.

‘எங்கள் பையன் இன்ஜினியர், ஏமாறமாட்டான்’ என்பார்கள். பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளி தாய்லாந்து வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் மத்திய அரசு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். பட்டதாரிக்கு அந்தச் சோதனையே கிடையாது. கும்பல்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சுற்றுலாப் பயணியாக நுழைந்து வேலை பார்த்துக்கொள்ளலாம் என்பவரை வீட்டு வாசலிலேயே நிறுத்துங்கள். பாங்காக்கில் வேலை என்று சொல்லிவிட்டு, இறங்கியதும் காரில் ஏற்றி மணிக்கணக்கில் வடமேற்கே ஓட்டினால், வண்டி நிற்கும் முதல் இடத்திலேயே 1155இல் தாய்லாந்துச் சுற்றுலாப் போலீஸை அழைக்க வேண்டும். ஆற்றைக் கடந்துவிட்டால் அந்த எண் உதவாது.

பெற்றோரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ஏஜெண்டிடம் சமாதானம் பேசி மாதங்களைக் கழித்துவிட்டு வராதீர்கள். மகன் இருக்கும் இடம் தெரிந்த அன்றே பாஸ்போர்ட் நகலோடு காவல் நிலையத்திலும், தூதரகத்திலும், அயலகத் தமிழர் நலத்துறையிலும் புகாரைக் கொடுத்துவிடுங்கள்.