ட்ரெயில் – தமிழில் பின்தொடர்வு

சைக்கிளின் முன்பக்கம் சுமை ஏற்றினால் ஹேண்டில்பார் ஏன் முரண்டுபிடிக்கிறது என்று படிக்கப் போனால், சீக்கிரமே 'ட்ரெயில்' என்ற சொல் வந்துவிடும். மலையேறுகிறவர்கள் சொல்லும் ட்ரெயில் அல்ல இது. ஒரு நீளத்தின் பெயர், மில்லிமீட்டரில் சொல்வார்கள்.

ஹேண்டில்பார் திரும்பும் அச்சு சாய்வாக இருக்கிறதல்லவா? அதே சாய்வில் ஒரு கோட்டைத் தரைவரை இழுத்துக்கொள்ளுங்கள். டயர் தரையில் பதியும் இடம், கோடு தொட்ட இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இடைப்பட்ட தொலைவே ட்ரெயில். ஆபீஸ் நாற்காலியைத் தள்ளினால் அதன் சக்கரம் தானாகவே பின்பக்கம் திரும்பிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

இழுவலையைக் குறித்த 'ட்ராகுலா' என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ட்ரெயில்' ஆயிற்று. தரையில் இழுபட்டுப் பின்னால் வருவது என்பதே மூலப்பொருள். பாதை என்ற பொருள் அப்புறம் வளர்ந்தது. ஆகவே இதற்குத் 'தடம்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். 'இழுவை' பொருந்தும்தான், ஆனால் அதைக் காற்றின் தடைக்குக் கொடுத்துவிட்டோம். நான் 'பின்தொடர்வு' என்றே எழுதுவேன்.

340 மி.மீ. ஆரமுள்ள சக்கரம், தரையோடு 73 பாகைச் சாய்வு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான போர்க் 45 மி.மீ. முன்னே வளைந்திருக்கிறது என்றால் பின்தொடர்வு ஏறக்குறைய 57 மி.மீ. போர்க்கை 65 மி.மீ. வளைத்தால் அது 36 ஆகக் குறைந்துவிடும். வளைவு கூடினால் பின்தொடர்வும் கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், நேர் எதிர்.

சரி, சுமைக்கு வருவோம். மெதுவாகப் போகும்போது சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் வண்டியின் முன்பகுதி கொஞ்சம் தாழும். பின்தொடர்வு எவ்வளவு அதிகமோ அவ்வளவு தாழும். முன்னால் கனமான பை இருந்தால் அந்த எடையும் சேர்ந்து சக்கரத்தை இன்னும் திருப்பப் பார்க்கும். ஓட்டுகிறவர் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பாரிஸ் சைக்கிள் வல்லுநர்கள், ஹேண்டில்பார் பையோடு நெடுந்தூரம் போகும் வண்டிகளுக்குப் பின்தொடர்வைக் குறைத்தே வைத்தார்கள். பையை இறக்கிவிட்டால் அத்தகைய வண்டி சிலருக்குப் பரபரப்பாகத் தோன்றும்.

ஆங்கிலேயக் கசாப்புக் கடைப் பையன்களின் சைக்கிளில் இந்தத் தொல்லையே வேறு மாதிரி தீர்ந்தது: முன்சக்கரம் சிறியது, கூடை சட்டத்தோடு பிணைந்தது. ஹேண்டில்பார் திரும்பினாலும் கூடை திரும்பாது.

பின்தொடர்வு இருந்தால்தான் சைக்கிள் விழாமல் ஓடும் என்பதும் முழு உண்மை இல்லை. டயர் பதியும் இடம், ஹேண்டில்பார் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் இருந்தும் ஆளில்லாமலே நிலையாக ஓடும் ஒரு வண்டியை 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அந்த வண்டிக்குப் 'பின்தொடர்வு' என்ற சொல் ஒட்டாது; கழித்தல் குறி போட்டுத்தான் சமாளிக்க வேண்டும்.