பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள்

போன வாரம் டே கேர் வார்டில் ஓர் அம்மாவை எடை மெஷினில் ஏற்றினேன். 48 கிலோ. புற்றுநோய்க்கு முதல் கீமோ மருந்து ஏற்ற வந்தபோது 56 இருந்தார். நடுவில் ஓடியது இரண்டு சைக்கிள், அதாவது இரண்டு சுற்று கீமோ, ஆறு வாரம்தான். என்னம்மா சாப்பிடுறீங்க என்று கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகள் பெருமையோடு சொன்னாள்: "எல்லாத்தையும் நிறுத்திட்டோம் மேடம். சர்க்கரை இல்ல, பால் இல்ல, அரிசி இல்ல, முட்டை, மீன் எதுவும் இல்ல. காலையில பீட்ரூட் ஜூஸ், மத்தியானம் உப்பில்லாத கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி வேகவெச்ச காய்."

அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அம்மா மேல் உயிரையே வைத்திருக்கிறாள். ஆனால் இந்த மாதத்தில் இப்படி நான் பார்க்கும் நான்காவது குடும்பம் இது. அந்த அம்மாவின் மூன்றாவது கீமோவைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. புற்றுநோய் உணவியல் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, மருந்து தயாராக இருந்தும் அதைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்று திருப்பி அனுப்பும் நாள் மிகவும் வலிக்கும் நாள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சர்க்கரை விஷயம். "சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும்" என்பது வாட்ஸ்அப்பில் சுற்றாத வீடே சென்னையில் இல்லை போலிருக்கிறது. இதற்கு ஒரு வேர் உண்டு. புற்றுநோய்ச் செல்கள் சாதாரணச் செல்களைவிட அதிகமாகக் குளுக்கோஸை இழுக்கின்றன என்பதை ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1920களிலேயே கவனித்தார். கட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க எடுக்கும் பெட் ஸ்கேன் வேலை செய்வதும் அப்படித்தான். கதிர்வீச்சுத் தன்மை சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றினால், அதை அதிகமாக இழுக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். இவ்வளவு தூரம் உண்மை.

இங்கிருந்து "அப்படியென்றால் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி செத்துவிடும்" என்று தாவுவதுதான் தவறு. மூளைக்கும் ரத்தச் சிவப்பணுவுக்கும் குளுக்கோஸ் வேண்டும். நீங்கள் சாப்பிடாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை பூஜ்யத்துக்குப் போகாது, உடம்பு போகவிடாது. முதலில் கல்லீரலில் சேர்த்து வைத்ததை எடுக்கும். அது தீர்ந்ததும் தசையைக் கரைத்து, அந்தப் புரதத்திலிருந்து கல்லீரல் சர்க்கரை செய்யும். கட்டி அதிலிருந்தும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கட்டி பட்டினி கிடக்காது, நோயாளிதான் கிடப்பார். அந்த அம்மாவிடமிருந்து போன எட்டுக் கிலோவில் தசை எவ்வளவு என்பதை அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரையை விஷம் என்று ஒதுக்கிவிட்டுக் கருப்பட்டியும் தேனும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். குடலுக்குள் போனபின் அவையும் சர்க்கரைதான். ஏற்கெனவே நீரிழிவு இருப்பவர்களும், கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பதால் சர்க்கரை ஏறுபவர்களும் கட்டாயம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அது நீரிழிவுக்கான கட்டுப்பாடு. மற்றவர்கள் காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கட்டும், விட்டுவிடுங்கள்.

சரி, என்ன கொடுப்பது? கீமோ காலத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு மாறும், டாக்டரிடம் கேளுங்கள். ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியில் 20 கிராம் மாவு போட்டால் கிடைக்கும் புரதம் ஒன்றரை கிராம்தான். கேழ்வரகு நல்ல தானியம், ஆனால் அது மட்டும் போதாது. கஞ்சியைப் பாலில் காய்ச்சுங்கள், இரண்டு ஸ்பூன் பால் பவுடர் கலக்குங்கள், பொட்டுக்கடலை மாவு சேருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. பாசிப்பருப்புப் பொங்கல், குழைய வெந்த சாம்பார் சாதம், பனீர், முள் எடுத்த மீன், நன்றாக வெந்த கோழி என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். உப்பையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி எடுத்து உப்பையும் நீரையும் இழந்துகொண்டிருப்பவருக்கு உப்பில்லாக் கஞ்சி கொடுத்து என்ன சாதிக்கப் போகிறோம்?

குமட்டலுக்கு வருகிறேன். "வெறும் வயிற்றில் போனால் வாந்தி வராது" என்று காலை ஐந்தரைக்குப் பூந்தமல்லியில் பஸ் ஏறி, மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் வார்டில் தினமும் உண்டு. காலி வயிறு குமட்டலைக் கூட்டத்தான் செய்யும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பையில் ரஸ்க், பொரி, உப்பு பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே மடக்கு மடக்காகக் குடிக்கட்டும்.

பெரும்பாலும் பகையாவது வாசனை. தாளிப்பு வாசனைக்கே ஓங்கரிப்பவர்கள் நிறைய. சமைக்கும்போது அவர்களை மொட்டை மாடிக்கோ முன் அறைக்கோ அனுப்புங்கள். ஆறிய உணவில் வாசனை குறைவு, அதனால் தயிர்சாதமும் இட்லியும் இறங்கும் அளவுக்குக் கொதிக்கும் ரசம் இறங்காது. ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுபவர்களுக்கு ஜில்லென்று எதுவும் கூடாது. ஐஸ் தண்ணீர் பட்டாலே தொண்டையும் விரல்களும் மரத்து இழுக்கும். மருந்து ஏறிய சில நாட்கள் அவர்களுக்கு எல்லாமே வெதுவெதுப்பாகத்தான். உங்கள் மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தயவுசெய்து.

வாயில் இரும்பு கடித்தது போலிருந்தால் எவர்சில்வர் ஸ்பூனைத் தூக்கி வைத்துவிட்டு மர ஸ்பூனோ பிளாஸ்டிக் ஸ்பூனோ எடுங்கள். கீமோ நாளன்று மட்டும், அவருக்கு ரொம்பப் பிடித்ததைச் சமைத்து எடுத்து வராதீர்கள். அன்று வாந்தி வந்தால் மனம் அந்த உணவோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிரியாணி என்றால் உயிராக இருந்தவர் ஒருவர், சிகிச்சை முடிந்து ஒரு வருடமாகியும் அந்த வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடித்ததை நல்ல நாட்களுக்கு வைத்திருங்கள்.

வாந்தி மாத்திரை வாந்தி வந்தபின் போடுவதற்கல்ல, வராமலிருக்கப் போடுவது. முதல் நாள் நன்றாக இருந்தது என்று இரண்டாம், மூன்றாம் நாள் மாத்திரையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளில் குமட்டல் உச்சத்துக்கு வருவதே இரண்டாம், மூன்றாம் நாளில்தான். ஓலன்சபைன் சீட்டில் இருந்தால் கூகுளில் தேடி "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று பயப்படாதீர்கள். குமட்டலுக்காகவும் அதைத் தருகிறோம். ஒண்டன்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கல் கொண்டுவரும், அதற்கு மருந்து கேளுங்கள். வயிறு கல்லாக இருந்தால் பசி எப்படி எடுக்கும்?

வாந்தியில் இழந்த உப்பையும் நீரையும் ஈடுகட்டக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். முழுப் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டிக் கொடுக்காதீர்கள்.

கீமோ ஏறி ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் மிகவும் இறங்கும். அந்த நாட்களில் ஆஃப்பாயில் வேண்டாம், முட்டை முழுதாக வேக வேண்டும். ரோட்டுக் கடைக் கட் ஃப்ரூட், ஐஸ் போட்ட ஜூஸ், ஓட்டல் சட்னி எதுவும் வேண்டாம். பழைய சோறு குடலுக்கு நல்லது என்று கொண்டுவருகிறார்கள். இரவெல்லாம் வெளியே இருந்த சோறு இவர்களுக்கு இப்போது வேண்டாம். அதற்காகப் பழத்தையே நிறுத்தத் தேவையில்லை. வாழை, ஆரஞ்சு போலத் தோல் உரிப்பதை வீட்டிலேயே கழுவி உரித்துக் கொடுங்கள். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கஷாயம் என்றதும் ஒரு வேண்டுகோள். முள்சீத்தா இலை, கோதுமைப்புல் பொடி, பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் லேகியம் என எதைக் கொடுத்தாலும் எங்களிடம் மறைக்காதீர்கள். நாங்கள் கோபித்துக்கொள்வோம் என்று ஒளிக்கிறீர்கள். கல்லீரல் டெஸ்ட் ஏறி நின்றால் அது கீமோவாலா, லேகியத்தாலா என்று நாங்கள் இருட்டில் தேட வேண்டியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளும் டீயில் தட்டிப்போடும் இஞ்சியும் போதும். அவற்றையே மாத்திரையாக வாங்கி விழுங்கச் சொல்லாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு அன்று வார்டிலேயே ஒரு கிண்ணம் தயிர்சாதம் கொடுத்தோம். முதல் வாய் வைக்கும் முன் மகளைப் பார்த்தார், அனுமதி கேட்பது போல. மகள் அழுதுவிட்டாள்.

கடைசியாக, பார்க்க வரும் உறவுக்காரர்களுக்கு. ஹார்லிக்ஸ் பாட்டிலும் இணையத்தில் படித்த பத்தியமும் கொண்டுவராதீர்கள். கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள். "இன்னிக்கு என்ன சாப்பிட முடியுதுக்கா? நான் செஞ்சு எடுத்துட்டு வரேன்" என்று கேளுங்கள். அந்த வீட்டில் சமைப்பவருக்கும் சேர்த்து இரண்டு டப்பாவாக எடுத்துப் போங்கள். அவரும் பல நாட்களாக நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார்.