பின் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் துவாரத்தை மூடாதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. நிலாவெளியிலிருந்து ஓர் ஆசிரியர் தன் ஹைபிரிட் வாகனத்தை (பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) லொறியில் ஏற்றிக்கொண்டு என் கராஜுக்கு வந்திருந்தார். கந்தளாய் தாண்டியதும் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்ததாம், பிறகு வாகனம் இழுக்கவே இல்லையாம். பின் கதவைத் திறந்து பார்த்தேன். இருக்கையின் ஓரத்தில் உள்ள காற்றுத் துவாரத்தின் மேல் நான்காக மடித்த பாய். பாயின் மேல் குழந்தையின் ஈரத் துவாய். உள்ளேயிருந்த விசிறியைக் கழற்றினால், இதழ்களில் கடற்கரை மணலும் பூனை மயிரும் பாய் நாரும் சேர்ந்து கம்பளியாகப் படிந்திருந்தன. நகத்தால்தான் உரித்தெடுத்தேன்.

"தம்பி, அது ஏசிக் காற்று வருகிற ஓட்டை என்றல்லவா நினைத்திருந்தேன்?" என்றார்.

"இல்லை சேர். பற்றரி சூடு தணிய மூச்சு இழுப்பது அதன் வழியாகத்தான்" என்றேன்.

திருகோணமலை உவர்மலையில் ஹைபிரிட் வேலை செய்யும் எவரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. ஆகவே நம் தெருக்களில் ஓடும் ஹைபிரிட்களில் பெரும்பாலானவை அதற்கு முன் வந்தவை, அவற்றிலும் பல யப்பானில் ஏற்கனவே ஓடித் தீர்ந்தவை. பற்றரிக்குப் பத்து வயது, பன்னிரண்டு வயது. அந்த வயதில் மூக்கையும் பொத்தினால் என்ன ஆகும்?

என்னை எரிச்சலூட்டுவது பாய் கூட அல்ல. "பற்றரியில் ஓடுகிற வாகனத்துக்கு ஏன் இவ்வளவு பெற்றோல் போகிறது?" என்ற கேள்விதான். ஹைபிரிட் பற்றரியில் ஓடும் வாகனம் அல்ல. ஒருமுறை சொன்னால் போதாது என்று தெரியும், திரும்பவும் சொல்கிறேன்: செருகிச் சார்ஜ் செய்ய முடியாத ஹைபிரிட்டுக்குள் நீங்கள் ஊற்றும் பெற்றோலைத் தவிர வேறு சக்தி எதுவும் போவதில்லை. டொயோட்டாவின் ஹைபிரிட்டான மூன்றாம் தலைமுறை பிரியஸின் பற்றரி சுமார் 1.3 அலகு மின்சாரம் கொள்ளும். அதிலும் பாதிக்குக் குறைவாகவே வாகனம் எடுத்துப் பயன்படுத்தும். வீட்டில் அயன்பெட்டியை அரை மணி நேரம் போட்டால் அவ்வளவும் முடிந்துவிடும். அதை நம்பிக் கொழும்புக்குப் போகவா?

பிறகு எப்படி மிச்சம் வருகிறது? நீங்கள் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகத்தை அது பிடித்து வைத்து, அடுத்து நகரும்போது திருப்பித் தருகிறது. நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுகிறது. எஞ்சினும் சிக்கனத்துக்காகவே செய்யப்பட்டது. நின்று நின்று போகும் ஊரில் இது பெரும் மிச்சம். கொழும்பு நெரிசலில் ஓடுகிறவர் சொன்ன கணக்கைக் கேட்டு இங்கே வாங்குகிறீர்கள். திருகோணமலையில் எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள்? ஹபரணைக் காட்டு வீதியில் யானை மறித்தால் ஒழிய பிரேக்கில் கால் வைப்பதில்லை. கொழும்பு வரை ஒரே வேகத்தில் 260 கிலோமீற்றர் ஓடினால், நல்ல பெற்றோல் வாகனத்துக்கும் ஹைபிரிட்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். அதற்காக ஹைபிரிட் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் லீற்றர்க் கணக்கை நம்பி வாங்காதீர்கள் என்கிறேன்.

சுசுகி வேகன் ஆர் வைத்திருப்பவர்கள் கோபிக்கக் கூடாது. பின்புறம் ஹைபிரிட் என்று எழுதியிருந்தாலும் உங்களுடையது எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும் சிறிய ஏற்பாடு மட்டுமே. பிரியஸோடு ஒப்பிட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

பற்றரி பழுதானால் "ஒரு செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. அந்தப் பிரியஸின் பற்றரியில் 28 துண்டுகள் வரிசையாக இணைந்திருக்கின்றன. இருபத்தேழு கிழவர்களுக்கு நடுவே ஓர் இளைஞனை நிறுத்தினால் வண்டி சில மாதம் ஓடும், அடுத்த கிழவர் விழுந்ததும் திரும்ப வருவீர்கள். துண்டுகள் எல்லாவற்றையும் அளந்து பார்த்தார்களா, அளவுகளை எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

மின்சார வாகனம் நம் ஊருக்குப் பொருத்தமானதுதான். உப்புவெளியிலிருந்து நகரத்துக்கு வந்து வேலை முடிந்து திரும்புகிறவருக்கு அதைவிடச் சுகம் இல்லை. ஆனால் வீட்டுக் கம்பியைப் பாருங்கள். போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். சமையலறைச் சுவரிலிருந்து ஜன்னல் வழியே இழுத்த எக்ஸ்டென்ஷன் வயரில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். பிளக்கின் ஒரு முள் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகிச் சுவர்ச் செருகியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தார். எட்டு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும் சுமை கேத்தில் போன்றதல்ல. தனிக் கம்பி, தனி ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த். இவை இல்லாமல் வாகனத்துக்கு முற்பணம் கட்ட வேண்டாம்.

மின் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். நூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 15 அலகு போகும். நாளுக்கு 30 கிலோமீற்றர் ஓடினால் சார்ஜ் செய்வதில் வீணாவதையும் சேர்த்து மாதம் 150 அலகு. ஏற்கனவே 100 அலகு எரிக்கும் வீடு 180ஐத் தாண்டி விலை கூடிய படிக்குப் போய்விடும். இரவு 10.30க்குப் பிறகு மலிவாகும் நேரக் கணக்குக் கட்டணம் உங்களுக்குச் சரிவருமா என்று மின்சார அலுவலகத்தில் விசாரியுங்கள். கூரையில் சூரியப் பலகை இருந்தால் வேறு கதை.

நிசானின் மின்சார வாகனமான லீஃபைப் பழையதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அதன் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடே இல்லை. நம் சித்திரை வெயில் அதற்கு ஆகாது. திரையின் ஓரத்தில் பன்னிரண்டு சிறு கோடுகள் பற்றரியின் ஆயுளைக் காட்டும். அவற்றை எண்ணாமல் வாங்கிவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

பெற்றோல் வாகனம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சந்தை, பள்ளிக்கூடம், கோணேசர் கோயில் என்று வாரத்தில் ஐம்பது கிலோமீற்றர் ஓடுகிறவர் சிறிய பெற்றோல் வாகனம் வாங்கினால் போதும். கனடாவிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஓட்டும் மகனுக்காகக் கொட்டகைக்குள் ஹைபிரிட் நிறுத்தி வைத்திருக்கும் பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன். மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அந்தப் பற்றரிக்குக் கேடு.

அப்படி நின்ற வாகனம் "செத்துவிட்டது" என்று அழைப்பு வரும். பெரும்பாலும் செத்திருப்பது பெரிய பற்றரி அல்ல, 12 வோல்ட் சிறிய பற்றரிதான். அது இல்லாமல் பெரியது இணையாது. தயவு செய்து பக்கத்து வீட்டு ஆட்டோவை அழைத்து ஜம்ப் வயர் கொடுக்காதீர்கள். சிவப்பும் கறுப்பும் ஒருமுறை மாறினால் சிறிய பற்றரியின் விலையில் முடிய வேண்டியது, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டரின் விலையில் போய் நிற்கும். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிறக் கம்பி எங்கே தெரிந்தாலும் கையை எடுங்கள். என்னை அழையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். வருவதற்குள் அந்தப் பாயை மட்டும் எடுத்து வையுங்கள்.