ஆறு மாத விடுப்பு முடிந்த மறுநாள்: தாய்ப்பாலுக்குச் சட்டம் தரும் நேரம்

சேலத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "ஆறு மாசம் லீவு உண்டுன்னு எல்லாருக்கும் தெரியுதுக்கா. அப்புறம் பாலுக்கு என்ன பண்றதுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்களே."

எனக்கும் யாரும் சொல்லவில்லை. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போன கையோடு விடுப்பைத் தொடங்கிவிட்டேன். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்ததுமே வேலைக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. பதினோரு மணிக்கெல்லாம் மார்பு கட்டிக்கொள்ளும். கழிவறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டேன். சில வாரங்களிலேயே பால் குறைந்துபோனது. தினமும் இரண்டு முறை பாலூட்டும் நேரம் கேட்க எனக்கு உரிமை இருந்தது என்பது, கேட்கும் காலம் கடந்த பிறகுதான் தெரியவந்தது.

அந்த நாலு மாதக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு வந்தது. 26 வாரம் என்றால் 182 நாள். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆனால் எட்டையும் முன்னாலேயே எடுத்துவிட்டால் பிறகு மிஞ்சுவது 126 நாள்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று எல்லா மருத்துவமனைச் சுவரிலும் எழுதியிருக்கிறதே, அந்த ஆறு மாதத்துக்கு இது எட்டாது. உடம்பு இடம் கொடுத்தால் முன்விடுப்பைச் சுருக்கி, மிச்சத்தைக் குழந்தையோடு இருக்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடம் கொடுக்காவிட்டால் வீம்பு வேண்டாம். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால், மருத்துவச் சான்றுடன் சம்பளத்தோடு மேலும் ஒரு மாதம் வரை விடுப்பு உண்டு.

ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இன்னொன்று. பிரசவத்துக்கு முந்தைய பத்து வாரங்களில், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தர வேண்டாம் என்று நீங்கள் கேட்டால், முதலாளி தரக்கூடாது. கர்ப்பிணியாக இல்லாவிட்டாலும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இலேயே கடைகளுக்குச் சட்டம் போட்டுவிட்டது. நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டும் கர்ப்பிணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சுகப்பிரசவமா, சிசேரியனா என்பதைப் பொறுத்து விடுப்பு மாறாது. சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று யாரும் அதை வைத்து உங்களை நெருக்க முடியாது. எப்படிப் பிரசவமானாலும் முதல் ஆறு வாரம் வேலை வாங்குவதையே சட்டம் தடுக்கிறது. அரசு மருத்துவமனையில் இரண்டுமே இலவசம். உணவும் சுகப்பிரசவத்துக்கு 3 நாள் வரை, சிசேரியனுக்கு 7 நாள் வரை தர வேண்டும்.

இனி அந்தத் தங்கை கேட்டதற்கு வருகிறேன். வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளைக்கு மேல் தினமும் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை தர வேண்டும். இதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். அங்கே போய்ப் பார்க்க, ஓய்வு இடைவேளையையும் சேர்த்து, நாளுக்கு நான்கு முறை அனுமதி உண்டு. காப்பகம் தொலைவில் இருந்தாலும் சரி, குழந்தை பாட்டியிடம் இருந்தாலும் சரி, அந்த இரண்டு இடைவேளையில் பாலைப் பீய்ச்சி எடுத்து வையுங்கள். சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வரை இருக்கும், ஃபிரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் நான் அந்த 4 மணி நேரத்தை நம்பமாட்டேன். ஐஸ் வைத்த சிறு டப்பா கையில் இருக்கட்டும்.

இதெல்லாம் யாருக்கு? தொழிற்சாலைகளுக்கும், ஏற்காட்டுக் காபி எஸ்டேட் போன்ற தோட்டங்களுக்கும், பத்துப் பேருக்குக் குறையாத கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் ஆகிறதென்றால் விடுப்புக்காலப் பணத்தை ஈ.எஸ்.ஐ. தரும். 2025 நவம்பர் 21 முதல் இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வந்துவிட்டன. 26 வாரமும் 15 மாதமும் அப்படியே இருக்கின்றன.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை பார்க்கும் பெண்களுக்கு முதலாளி என்று ஒருவரைக் காட்டவே முடியாது. இது எனக்கு ஆற்றாமைதான். அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். முதல் இரண்டு பிரசவங்களுக்கு, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். 12 வாரத்துக்குள் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, வாங்கிவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள்.

வேலையிடத்தில் எதையும் வாய்ச்சொல்லாக விட வேண்டாம். விடுப்பு தொடங்கும் தேதி, குழந்தை பிறக்கும் உத்தேச நாள், பணத்தை யாரிடம் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். முன்பே எழுதித் தராவிட்டாலும் பிரசவத்துக்குப் பின் தரலாம், உரிமை போய்விடாது. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். அப்படி நேர்ந்தால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் அந்த நகலோடு புகார் கொடுக்கலாம்.

திரும்பும் வாரத்தில் இன்னொரு தாள்: "என் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை வேண்டும். அதற்குக் கதவு தாழிடக்கூடிய ஓர் அறை தரவும்." அறையைச் சட்டம் தனியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் எழுதுங்கள். அந்தத் தங்கை இப்போது ஏழாம் மாதம். இரண்டு தாளையும் இப்போதே எழுதி வைத்திருக்கிறாள்.